வானத்தைக் கூட்டிப் பெருக்கிய கரோலின் ஹெர்ஷல்



தைப்பூசமும் திருக்கார்த்திகையும் நமக்கு முருகனின் திருநாள்கள். வானத்திலும் இந்த ரெண்டுக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. தை மாதப் பௌர்ணமி நிலா பூச நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்பது தைப்பூசம். கார்த்திகை மாதப் பௌர்ணமி நிலா கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி நிற்பது திருக்கார்த்திகை. இதில் கார்த்திகை என்பது ஒற்றை நட்சத்திரம் இல்லை, அது ஒரு கொத்து. ஆறுமுகனை வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்கள் என்று நம் புராணம் சொல்கிறது. வெறும் கண்ணால் பார்க்கிற பலருக்கும் அங்கே ஆறுதான் தெரியும். பூசம் என்று நாம் சொல்கிற கடக ராசி நட்சத்திரங்களுக்கு நடுவிலும் ஒரு கொத்து மங்கலாக இருக்கிறது.

இந்த மாதிரிக் கொத்துகளை வானியலில் திறந்த விண்மீன் கொத்து என்கிறார்கள். கார்த்திகையும் பூசமும் ஆதிகாலத்திலிருந்தே மனிதருக்குத் தெரிந்தவை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கொத்துகள் இன்னும் எத்தனையோ உண்டு. அவற்றில் சிலவற்றை முதன்முதலில் பார்த்தவர் நாலே கால் அடி உயரமுள்ள ஒரு பெண். அவர் வீட்டு வேலைக்கு மட்டுமே லாயக்கு என்று குடும்பம் ஒதுக்கி வைத்திருந்தது. அவர் பெயர் கரோலின் ஹெர்ஷல்.

வீட்டுக்குள் அடைபட்ட சிறுமி

கரோலின் 1750 மார்ச் 16-ஆம் தேதி ஜெர்மனியின் ஹானோவர் நகரில் பிறந்தார். அப்பா ஐசக் ராணுவ இசைக்குழுவில் ஓபோ வாசிப்பவர். பத்துப் பிள்ளைகளில் கரோலின் எட்டாவது. சின்ன வயதில் வந்த பெரியம்மை முகத்தில் தழும்பு விட்டுப் போனது. பத்து வயதில் வந்த டைஃபஸ் காய்ச்சலோடு உடல் வளர்ச்சியும் நின்றது.

இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இசை, மொழி, தத்துவம் எல்லாம் கிடைத்தது. கரோலினுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், மற்றபடி துணி துவைக்கட்டும், காலுறை பின்னட்டும் என்பது அம்மாவின் எண்ணம். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து அப்பா கொஞ்சம் வயலின் சொல்லிக்கொடுத்தார். ஒருமுறை பனி விழும் இரவில் மகளைத் தெருவுக்கு அழைத்துப் போய் அப்போது தெரிந்த வால்நட்சத்திரத்தையும் சில ராசிகளையும் காட்டினார். வானம் கரோலினுக்கு அறிமுகமானது அப்படித்தான்.

1767-இல் அப்பா காலமானார். அடுத்த ஐந்து வருடம் கரோலினுக்குச் சமையலறைதான் உலகம்.

அண்ணன் வீட்டில்

கரோலினைவிட 11 வயது மூத்த அண்ணன் வில்லியம், இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலய ஆர்கன் வாசிப்பவராகவும் இசை ஆசிரியராகவும் நல்ல பெயர் எடுத்திருந்தார். 1772 ஆகஸ்டில் அவர் ஹானோவர் வந்து தங்கையை அழைத்துப் போனார். அம்மா சும்மா விடவில்லை. கரோலின் செய்த வேலைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் பணம் தருவதாக வில்லியம் ஒத்துக்கொண்ட பிறகுதான் அனுப்பினார். அப்போது கரோலினுக்கு 22 வயது. ஆங்கிலம் தெரியாது.

பாத் நகரில் அவர் ஆங்கிலம் கற்றார், கணக்கு கற்றார், பாட்டு கற்றார். சில வருடத்திலேயே ஹாண்டலின் இசைப் படைப்புகளில் முதன்மைப் பாடகியாக மேடை ஏறினார். பர்மிங்ஹாம் இசை விழாவில் பாட அழைப்பும் வந்தது. அண்ணன் நடத்தும் கச்சேரியைத் தவிர வேறு எங்கும் பாடுவதில்லை என்று அதை மறுத்துவிட்டார்.

ஆனால் அண்ணனின் மனசு இசையை விட்டு வானத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது. கடையில் கிடைத்த தொலைநோக்கிகள் போதவில்லை. தானே செய்ய ஆரம்பித்தார். வீடு பட்டறையாக மாறியது. உலோகக் கண்ணாடி வார்ப்பதற்கான அச்சுக்குக் குதிரைச் சாணத்தை இடித்துச் சலிப்பது கரோலினின் வேலைகளில் ஒன்று. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும்போது கையை எடுத்தால் வேலை கெட்டுவிடும். ஒரு தடவை வில்லியம் 16 மணி நேரம் கை எடுக்காமல் தேய்த்தார். கரோலின்தான் பக்கத்தில் நின்று துண்டு துண்டாக உணவை ஊட்டினார்.

1781 மார்ச் 13-ஆம் தேதி வில்லியம் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் சம்பளம் கொடுத்து அரண்மனைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அண்ணனும் தங்கையும் டாட்செட் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். பாடகியாகக் கரோலின் வளர்ந்து வந்த நேரம் அது. அண்ணனின் முடிவோடு அந்தப் பாதை மூடிவிட்டது.

1783 பிப்ரவரி 26

1782 ஆகஸ்டில் வில்லியம் ஒரு சின்னத் தொலைநோக்கியைத் தங்கை கையில் கொடுத்தார். வால்நட்சத்திரம் தேடிப் பார் என்பது வேலை. ஆரம்பத்தில் குளிரும் தனிமையும் கரோலினுக்குப் பிடிக்கவே இல்லை. போகப் போகப் பிடித்துப்போனது.

தேடும் முறை எளிது. குழாயை மெதுவாக நகர்த்தி வானத்தில் ஒரு பட்டையைப் பார்க்க வேண்டும். முடிந்ததும் கொஞ்சம் தள்ளி அடுத்த பட்டை. தரையைக் கூட்டுவது மாதிரிதான். அதற்குப் பெயரே வானத்தைப் பெருக்குவது. ஒரு மூலை விடாமல் வீடு பெருக்கிப் பழகிய கை இப்போது வானத்தைப் பெருக்கியது.

அப்போது பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியேயின் பட்டியல் ஒன்று இருந்தது. வால்நட்சத்திரம் மாதிரி மங்கலாகத் தெரிந்து ஏமாற்றும் சுமார் 100 பொருள்களை அவர் குறித்திருந்தார். நம் பூசக் கொத்து அதில் 44-ஆவது, கார்த்திகைக் கொத்து 45-ஆவது. கரோலின் மங்கலாக எதைப் பார்த்தாலும் உடனே அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவார்.

1783 பிப்ரவரி 26 இரவு பெருநாய் விண்மீன் குழுவில் ஒரு மங்கல் ஒளி தெரிந்தது. மெசியே பட்டியலில் அது இல்லை. அது ஒரு திறந்த விண்மீன் கொத்து. இன்று அதன் எண் என்.ஜி.சி. 2360. கரோலினின் கொத்து என்றே அதற்கு ஒரு பெயரும் உண்டு.

அந்த வருடமே வில்லியம் அவருக்குச் சுமார் 4 அங்குலக் கண்ணாடி கொண்ட இன்னொரு தொலைநோக்கி செய்து கொடுத்தார். காசியோப்பியாவில் என்.ஜி.சி. 7789, ஆந்திரமேடாவில் என்.ஜி.சி. 752 என்று கண்டுபிடிப்புகள் தொடர்ந்தன. முன்னால் யாரும் குறிக்காத பொருள்களில் பத்துக்கும் மேற்பட்டவை அவர் கண்ணில் பட்டன. பெரும்பாலும் திறந்த கொத்துகள்.

கொத்து என்றால் என்ன?

ஒரே வாயு மேகத்திலிருந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த நட்சத்திரங்கள் ஈர்ப்பு விசையால் தளர்வாகச் சேர்ந்து நிற்பதுதான் திறந்த கொத்து. சில டஜன் முதல் சில ஆயிரம் நட்சத்திரங்கள் வரை இருக்கலாம். இவை பால்வீதியின் தட்டையான பகுதியில் இருக்கின்றன. அதனால்தான் வானில் பால்வீதிப் பட்டையை ஒட்டித் தேடினால் நிறையக் கிடைக்கும். கோளக் கொத்து என்ற இன்னொரு வகையில் லட்சக்கணக்கான முதிய நட்சத்திரங்கள் பந்து போல நெருக்கமாக இருக்கும். அது வேறு.

திறந்த கொத்தை ஒரே பேட்ச் மாணவர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே வயசு, ஒரே தூரம். ஆனால் எடை வேறு. எடை கூடிய நட்சத்திரம் நீலமாகப் பளீரென்று எரிந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். எடை குறைந்தது நிதானமாக எரியும். அதனால் ஒரு கொத்தில் நீல நட்சத்திரங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடலாம். கார்த்திகையில் நீலம் நிறைய. வயது சுமார் 10 கோடி ஆண்டு. பூசக் கொத்துக்குச் சுமார் 60 முதல் 70 கோடி. கரோலின் கண்ட என்.ஜி.சி. 7789 இன்னும் மூத்தது, 100 கோடி ஆண்டைத் தாண்டியது. அதில் நீல நட்சத்திரங்கள் தீர்ந்து ஆரஞ்சு நிறப் பெருநட்சத்திரங்கள் வந்துவிட்டன. படிப்பு முடிந்த பேட்ச் மாதிரி, பெரும்பாலான கொத்துகள் சில கோடி, சில நூறு கோடி ஆண்டுகளில் கலைந்து ஆளுக்கொரு திசையாகப் போய்விடும்.

இதெல்லாம் வில்லியமுக்கும் கரோலினுக்கும் தெரியாது. ஈர்ப்பு விசை நாளாக நாளாக நட்சத்திரங்களை இழுத்து நெருக்கும், அதனால் நெருக்கமான கொத்துதான் மூத்தது என்று வில்லியம் நினைத்தார். திறந்த கொத்துகளின் கதை அதற்கு நேர்மாறு. விளக்கம் மாறிப் போனாலும், எந்தக் கொத்து எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்த ஏடு இன்றும் பயன்படுகிறது. அந்த ஏட்டை எழுதியது கரோலின்.

எழுதுகிற வேலை

தங்கையின் சின்னக் குழாயிலேயே இத்தனை புதுப் பொருள்கள் விழுவதைப் பார்த்த வில்லியம், 1783 அக்டோபரில் தன் 20 அடித் தொலைநோக்கியால் முழு வானத்தையும் பெருக்கத் தொடங்கினார். அதற்கு ஒரு எழுத்தர் தேவைப்பட்டது. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம் ஆகும். குறிப்பு எழுத ஒருமுறை விளக்கைப் பார்த்தால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து. அதனால் வில்லியம் கண்ணைக் குழாயிலிருந்து எடுக்காமல் பார்த்ததைக் கூவிச் சொல்வார். கரோலின் கடிகாரமும் விளக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து நேரத்தையும் இடத்தையும் எழுதுவார். பகலில் எல்லாவற்றையும் சுத்தமாகப் பிரதி எடுத்து இடக் கணக்கு போடுவார். பெருக்கல் வாய்ப்பாடு அவருக்குக் கடைசி வரை மனப்பாடம் ஆகவில்லை. அதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்திலேயே வைத்திருப்பார். அந்தத் தாளோடுதான் ஆயிரக்கணக்கான கணக்குகளைப் போட்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எழுத்தராக உட்கார்ந்த பிறகு கரோலினின் சொந்தத் தேடல் ஏறக்குறைய நின்றுபோனது. வானம் தெளிவாக இருந்த இரவெல்லாம் அண்ணனுக்குப் போனது.

1783 டிசம்பர் 31 இரவு. தரையெல்லாம் பனி. மேகம் விலகியதும் அண்ணன் அவசரமாகக் கூப்பிட, கரோலின் இருட்டில் ஓடினார். தொலைநோக்கியைத் தாங்கும் சட்டத்தில் இருந்த இரும்புக் கொக்கி அவர் தொடையில் ஏறிவிட்டது. தூக்கி எடுத்தபோது சுமார் 2 அவுன்ஸ் சதை கொக்கியிலேயே தங்கிவிட்டது. பிறகு அதைப் பற்றி எழுதும்போது, மீதி இரவு மேகம் மூடிக்கொண்டதால் அண்ணனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்கிறார். படிக்கிற நமக்குத்தான் வலிக்கிறது.

20 வருட உழைப்பில் 2,500 நெபுலாக்களும் கொத்துகளும் பதிவாயின. 1786, 1789, 1802 ஆகிய ஆண்டுகளில் வந்த அந்த மூன்று பட்டியல்களும் வில்லியமின் பெயரில் வந்தன.

அண்ணன் இல்லாத இரவுகள்

1786-இல் அவர்கள் ஸ்லௌ என்ற ஊருக்கு மாறினார்கள். அந்தக் கோடையில் வில்லியம் ஜெர்மனிக்குப் போனார். கரோலினுக்குச் சொந்தமாக இரவுகள் கிடைத்தன. ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஒரு மங்கல் பொருளைப் பார்த்தார். மறுநாள் அது இடம் மாறியிருந்தது. வால்நட்சத்திரம்தான்! ராயல் சொசைட்டியின் செயலாளருக்கு உடனே கடிதம் எழுதினார். 1797 வரை மொத்தம் எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டார். எட்டாவதைக் கண்டதும், கொஞ்ச நேரம் மட்டும் தூங்கி எழுந்து, குதிரையில் ஏறி கிரீனிச் வானாய்வகத்துக்கே நேரில் போய்ச் சொன்னார்.

1787-இல் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் நியமித்தார். இங்கிலாந்தில் அறிவியல் வேலைக்காகச் சம்பளம் வாங்கிய முதல் பெண் கரோலின்தான். 37 வயதில், தன் விருப்பப்படி செலவு செய்யத் தனக்கென்று பணம் வந்தது அதுவே முதல் தடவை.

அடுத்த வருடம் வில்லியம் திருமணம் செய்துகொண்டார். இத்தனை வருடம் நடத்திய வீட்டை விட்டுக் கரோலின் தனியறைக்குப் போனார். அந்தப் பத்து வருட நாட்குறிப்புகளைப் பிற்பாடு அவரே அழித்துவிட்டார். மனசில் என்ன இருந்தது என்பது அவரோடு போய்விட்டது. வேலையை மட்டும் விடவில்லை. பிளாம்ஸ்டீடின் பழைய நட்சத்திரப் பட்டியலை எடுத்து, மூலக் குறிப்புகளோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, விடுபட்டிருந்த சுமார் 560 நட்சத்திரங்களைச் சேர்த்தார். 1798-இல் ராயல் சொசைட்டி அதை அவர் பெயரிலேயே வெளியிட்டது.

75 வயதில் ஒரு பட்டியல்

1822-இல் வில்லியம் மறைந்தார். 72 வயதில் கரோலின் ஹானோவருக்குத் திரும்பினார். அங்கே சுற்றிலும் கூரைகள், வானம் சரியாகத் தெரியாது. ஆனால் அண்ணன் மகன் ஜான், அப்பா பார்த்த 2,500 பொருள்களையும் மறுபடியும் பார்த்துச் சரிபார்க்க விரும்பினார். பழைய பட்டியல் பொருள்களின் வகைப்படி அமைந்திருந்தது; குழாயை நகர்த்திக்கொண்டே தேடுகிறவருக்கு அது உதவாது. எனவே கரோலின் அத்தனையையும் வானில் இருக்கும் இடத்தின்படி, பட்டை பட்டையாகப் பிரித்து மறுபடியும் எழுதினார். 1825-இல் முடித்து அனுப்பும்போது அவருக்கு வயது 75.

இதற்காக 1828-இல் அரச வானியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. அந்தப் பதக்கம் அடுத்து ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1996-இல், வேரா ரூபினுக்கு. நடுவில் 168 வருடம்!

ஜான் அந்தப் பட்டியலை வைத்து வடவானத்தைப் பார்த்தார், பிறகு தென்னாப்பிரிக்கா போய்த் தென்வானத்தையும் பார்த்தார். 1864-இல் அவர் வெளியிட்ட பொதுப் பட்டியலை விரிவாக்கி 1888-இல் டிரையர் தொகுத்ததுதான் என்.ஜி.சி. இன்று கைப்பேசிச் செயலியில் நாம் என்.ஜி.சி. எண்ணைத் தட்டித் தேடும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் கரோலினின் கையெழுத்து இருக்கிறது.

1848 ஜனவரி 9-ஆம் தேதி, 97 வயதில் அவர் காலமானார்.

நாமும் பார்க்கலாம்

கரோலினுக்குக் கிடைக்காத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் என்.ஜி.சி. 2360 உச்சிக்கு வந்தாலும் தெற்குத் தொடுவானத்திலிருந்து 23 பாகைதான் உயரும். நம் கோலாலம்பூரில் அது 70 பாகைக்கு மேல் ஏறும், சிங்கப்பூரிலும் அப்படித்தான். நகர வெளிச்சம் இல்லாத இடமும் ஒரு 10×50 பைனாகுலரும் போதும்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவு 9, 10 மணிக்கு மேலே பாருங்கள். வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். அதிலிருந்து 4 பாகை தெற்கே எம் 41 என்ற கொத்து, சுலபமாகத் தெரியும். கண்ணை அதில் பழக்கிக்கொண்டு மறுபடியும் சிரியஸுக்கு வந்து கிழக்கே நகருங்கள். கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அதைவிடக் கொஞ்சம் குறைவான தூரத்தில் புகை மாதிரி ஒரு சின்னத் திட்டு. அதுதான் கரோலினின் கொத்து. நேரே உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் ஓரக்கண்ணால் பாருங்கள், நன்றாகத் தெரியும்.

பூசக் கொத்தைத் தைப்பூசத்தன்று தேடாதீர்கள். பௌர்ணமி வெளிச்சம் அதை மூழ்கடித்துவிடும். இரண்டு வாரம் பொறுத்து அமாவாசையை ஒட்டிய இரவில், புனர்பூசத்துக்கும் மகத்துக்கும் நடுவில் பாருங்கள். பைனாகுலரில் நட்சத்திரங்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். பார்த்ததை, தேதி, நேரம், இடத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதாத இரவு கணக்கில் வராது.

கடைசியாக ஒன்று. நம் கிளைகளிலும் ஒரு கரோலின் கட்டாயம் இருப்பார். கூட்டக் குறிப்பு எழுதுவார், வரவு செலவு பார்ப்பார், எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தை அடுக்குவார். பெரும்பாலும் ஒரு தங்கையாகவோ அக்காவாகவோ இருப்பார். அவருக்கு நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் கரோலினுக்குக் கண்டுபிடிப்புகள் கிடைத்தது, தொலைநோக்கி அவர் கையில் இருந்த இரவுகளில் மட்டும்தான். அடுத்த முகாமில் வானம் பார்க்கப் போகும்போது, பைனாகுலரை முதலில் அவரிடம் கொடுங்கள். நோட்டை நீங்கள் பிடியுங்கள்.